அசிமோவ் பெயரில் ஒரு சிறுகோள் இருக்கிறதாமே, அப்பா பெயரிலும் வைக்க முடியுமா?

டொங்காட் வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே படித்துவிட்டுப் போகிறவன், எழுதுகிறவன் இல்லை. என் தமிழ் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ்தான், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா போன ஆண்டு தவறிப்போனார். அடுத்த மாதம் வருஷத் திதி. தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருக்கிற எங்கள் டொங்காட்டில், சர்க்கரை ஆலையில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கெழுதியவர். அவருக்கு இரண்டு பைத்தியம், ஒன்று கால்பந்து, இன்னொன்று அறிவியல் புனைகதை. வெள்ளைக்காரர்களுக்கென்று இருந்த நகர நூலகத்துக்குள் நம் ஆட்களை விடாத காலம் அது. அதனால் டர்பன் கிரே ஸ்ட்ரீட் பக்கம் இருந்த பழைய புத்தகக் கடைதான் அவருக்கு நூலகம். அட்டை கிழிந்த அமெரிக்கப் பத்திரிகைகளையும் கதைத் தொகுப்புகளையும் ஒரு கட்டாக வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வருவார், அதில் அமெரிக்க அறிவியல் கதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் பெயர் இருந்தால் அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் பேச்சே இருக்காது. இரவில் எங்களுக்கு அதையெல்லாம் தமிழில் சொல்வார். ரோபோ என்று சொல்ல மாட்டார், 'பேட்டரி ஆள்' என்பார். அவராகவே கட்டிய கதைகளும் உண்டு. முனுசாமி, கோவிந்து, சின்னத்தம்பி என்று மூன்று பேர், அவர்கள் போன விண்கப்பல் உடைந்துவிடும், ஒரே ஒரு துண்டு மட்டும் மிச்சம். அதற்குள் மூன்று நாளைக்குக் காற்று, ஒரு வாரத்துக்குச் சோறு, ஒரு வருஷத்துக்குத் தண்ணீர். "ஒரு வருஷத்துக்குத் தண்ணீர் வைத்திருக்கிறவன் மூன்று நாளில் ஏண்டா சாகணும்?" என்று கேட்டுவிட்டு விளக்கை அணைத்துவிடுவார். மறுநாள்தான் பதில்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மருமகப்பிள்ளை இணையத்தில் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். 1,200 ரேண்ட் கட்டினால் ஒரு சிறுகோளுக்கு அப்பா பெயரை வைத்து, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழும் வான வரைபடமும் அனுப்புவார்களாம். அசிமோவ், கிளார்க் வரிசையில் உங்கள் அன்புக்குரியவரும் என்று விளம்பரம் போட்டிருக்கிறது. அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. எனக்கு என்னவோ உதைக்கிறது. அசிமோவ் பெயரில் உண்மையிலேயே ஒரு கல் இருக்கிறதா, அதற்கு யார் பெயர் வைத்தது, அவருக்கும் யாராவது பணம் கட்டினார்களா? அந்தக் கல் டொங்காட்டிலிருந்து தெரியுமா? தெரிந்தால் திதி முடிந்த இரவு பேரப்பிள்ளைகளுக்காவது காட்டலாம் என்று பார்க்கிறேன்.

பீனிக்ஸ்காரன் எழுதியது:

அண்ணா, கட்டாதீர்கள். கட்டாதீர்கள். கட்டாதீர்கள்.

நான் என் கல்யாணத்துக்கு நட்சத்திரம் வாங்கிக் கொடுத்த மடையன். வேறு கம்பெனி, ஆனால் இதே கதை. சான்றிதழ் வந்தது, தங்க முத்திரை எல்லாம் இருந்தது, மனைவி பெயரில் ஒரு எழுத்து தப்பு. திருத்தச் சொன்னால் இன்னொரு தடவை பணம் கேட்டார்கள். பிறகு விசாரித்தால் அந்தப் பெயர் அவர்களுடைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது, உலகத்தில் எந்த வானியல்காரருக்கும் தெரியாது. 1,200 ரேண்டுக்குக் குடும்பத்துக்கே பனி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறி) வாங்கித் தரலாம், அப்பா பெயரைச் சொல்லிச் சாப்பிடுவார்கள்.

அசிமோவ் கல் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வருவார்கள்.

கரூ இரவு எழுதியது:

டொங்காட் அண்ணா, அப்பாவுக்கு என் வணக்கம். நான் நாகர்கோவில் பக்கம், இப்போது கேப் டவுனில் வானியல் படிக்கிறேன். பெயர் விவகாரம் எனக்குக் கொஞ்சம் தெரியும், நீளமாக எழுதினால் திட்டாதீர்கள்.

அசிமோவ் பெயரில் சிறுகோள் உண்மையாகவே இருக்கிறது. அதன் எண் 5020. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இருக்கிற முதன்மைப் பட்டையில் சுற்றுகிறது. 1981 மார்ச் 2 இரவு ஆஸ்திரேலியாவில் சைடிங் ஸ்பிரிங் மலையிலிருந்து எடுத்த படத் தகட்டில் ஷெல்டே பஸ் என்ற அமெரிக்கர் அதைக் கண்டுபிடித்தார். பஸ் என்றதும் நம் ஊர் பஸ்ஸை நினைக்காதீர்கள், அது அவருடைய குடும்பப் பெயர். அங்கே இருக்கிற ஷ்மிட் தொலைநோக்கி வானத்தில் பெரிய பரப்பை ஒரே தகட்டில் பிடித்துவிடும், அதனால் ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் புதுக் கற்கள் அகப்பட்டன. இன்னொரு அறிவியல் கதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க் பெயரில் இருக்கிற 4923-உம், ஸ்டார் டிரெக் தொடரை உருவாக்கிய ராடன்பெரி பெயரில் இருக்கிற 4659-உம் அதே இரவில் அதே மனிதர் கண்ணில் பட்டவைதான். மூன்று பேரும் ஒரே நாளில் பிறந்த மாதிரி.

இதில் பணம் எங்கேயும் வராது. படத்தில் ஒரு புள்ளி நகர்கிறது என்று தெரிந்ததும் முதலில் ஒரு தற்காலிகக் குறி கொடுப்பார்கள். பல வருஷம், பல இரவு பார்த்து அதன் பாதை உறுதியாகத் தெரிந்த பிறகுதான் நிரந்தர எண். எண் கிடைத்ததும் கண்டுபிடித்தவருக்குப் பத்து வருஷம் பெயர் முன்மொழிகிற உரிமை உண்டு. அவர் பெயரையும், ஏன் இந்தப் பெயர் என்று நாலு வரியையும் எழுதி அனுப்புவார், சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பெயர்க் குழு பார்த்து ஒப்புக்கொள்ளும். பதினாறு எழுத்துக்குள் இருக்க வேண்டும், வாயில் நுழைய வேண்டும், ஏற்கெனவே இருக்கிற பெயரோடு குழம்பக் கூடாது, வியாபாரப் பெயர் கூடாது. அரசியல்வாதி, ராணுவக்காரர் என்றால் செத்து நூறு வருஷம் ஆக வேண்டும் (இந்த விதியை மட்டும் நம் ஊர்த் தெருப் பெயர்களுக்கும் கொண்டுவந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்). செல்லப் பிராணிகளின் பெயரை ஊக்குவிப்பதில்லை. அதற்குக் காரணம் 2309-ஆம் எண். மிஸ்டர் ஸ்பாக் என்று பெயர், எல்லோரும் ஸ்டார் டிரெக் ஸ்பாக் என்று நினைப்பார்கள், உண்மையில் அது கண்டுபிடித்தவர் வீட்டுப் பூனை. பூனைக்குத்தான் அந்தப் பாத்திரத்தின் பெயர்.

தற்காலிகக் குறி என்றேன் இல்லையா, அதில் ஒரு வேடிக்கை. குறியின் முதல் எழுத்து மாதத்தின் எந்தப் பாதி என்பதைக் காட்டும். ஏ என்றால் ஜனவரி முதல் பாதி, பி என்றால் இரண்டாம் பாதி, இப்படியே போகும். அடுத்த எழுத்தும் எண்ணும் அந்தப் பாதியில் எத்தனையாவது என்பதற்கு. 2001 பிப்ரவரி 19 அன்று பிடிபட்ட ஒரு கல்லுக்கு 2001 டிஏ42 என்று குறி விழுந்தது. வேடிக்கையான விண்வெளிக் கதைகள் எழுதிய டக்ளஸ் ஆடம்ஸ் அந்த வருஷம்தான் இறந்தார், டி-யும் ஏ-யும் அவர் பெயரின் முதல் எழுத்துகள், 42 என்பது அவர் கதையில் எல்லாக் கேள்விக்கும் வருகிற விடை. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, வரிசைப்படி விழுந்த குறி. அதைப் பார்த்த பிறகு வேறு பெயர் வைக்க யாருக்கு மனசு வரும்? இப்போது அது 25924 டக்ளஸ்ஆடம்ஸ்.

டொங்காட்டிலிருந்து தெரியுமா என்றால், அசிமோவ் கல் தெரியாது அண்ணா. வெறும் கண்ணுக்கும் தெரியாது, பைனாகுலரிலும் வராது. பெரிய தொலைநோக்கி, நல்ல இருட்டு, கேமரா எல்லாம் இருந்து இரண்டு மூன்று இரவு படமெடுத்தால் நகர்கிற ஒரு புள்ளி கிடைக்கும். அந்தப் புள்ளியைக் காட்டி "இதுதாண்டா அசிமோவ்" என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் மறுபடி போனைக் கையில் எடுத்துவிடுவார்கள்.

சாட்ஸ்வொர்த் அக்கா எழுதியது:

எழுத்தாளர் பெயரில் இன்னும் நிறைய இருக்கிறது தம்பி. ஜூல் வெர்ன் பெயரில் 5231, பிராட்பரி பெயரில் 9766, போலந்துக்காரர் லெம் பெயரில் 3836, எச். ஜி. வெல்ஸ் பெயரில் 1721. ரோபோ என்ற சொல்லை நாடகத்தில் எழுதி உலகத்துக்குக் கொடுத்த செக் நாட்டு காரெல் சாபெக் பெயரில் 1931. டொங்காட் தம்பியின் அப்பா சொன்ன 'பேட்டரி ஆள்' எனக்கு அதைவிடப் பிடித்திருக்கிறது, அது வேறு விஷயம்.

நம் நாட்டில் பிறந்த ஒருவரும் உண்டு. டோல்கியன் 1892-இல் ப்ளூம்ஃபான்டீனில் பிறந்தவர், 2675 அவர் பெயர். அவர் எழுதியது அறிவியல் கதை இல்லை என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், தெரியும்.

கரூ இரவு எழுதியது:

அக்கா, மற்றதெல்லாம் சரி, 1721 மட்டும் இல்லை. அந்த வெல்ஸ் அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த ஹெர்மன் வெல்ஸ். அந்தப் பல்கலைக்கழகம் ஒரு சிறுகோள் தேடல் நடத்தியது, அதில் அகப்பட்டதற்குத் தங்கள் தலைவர் பெயரை வைத்துவிட்டார்கள். பட்டியலில் பெயரை மட்டும் பார்த்தால் எல்லோரும் இதில் விழுவார்கள், நானும் விழுந்திருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த் அக்கா எழுதியது:

அட, இத்தனை வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு இருந்தேனே. சரி, திருத்திக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணத்து மருமகன் எழுதியது:

கிளார்க்கைப் பற்றிச் சொல்லாமல் போனால் எப்படி? மனிசன் 1956-இலிருந்து இலங்கையில்தான் இருந்தவர், 2008 மார்ச்சில் கொழும்பில்தான் காலமானவர். என்ரை மாமா கொழும்பில் வேலை செய்த காலத்தில் அவரை ரெண்டு தரம் கண்டிருக்கிறார், அதை எங்கட வீட்டில் ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் சொல்லுவார்.

4923 என்ற எண் தனக்குக் கிடைச்சதைப் பற்றி கிளார்க்கே பகிடியாக எழுதியிருக்கிறார். அவருக்கு 2001 வேணுமாம், '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' எழுதின மனிசன் எல்லோ. ஆனால் அந்த எண்ணை ஏற்கெனவே ஐன்ஸ்டைனுக்குக் கொடுத்திட்டினம். 1973-இல் சுவிட்சர்லாந்தில் பவுல் வில்ட் கண்டுபிடிச்ச கல் அது. வேறை யாருக்கு எண்டாலும் சண்டை பிடிச்சிருப்பார், ஐன்ஸ்டைனோடை எப்பிடிச் சண்டை பிடிக்கிறது?

இன்னொண்டு. சுஜாதா காலமானது 2008 பிப்ரவரி 27, கிளார்க் மார்ச் 19. மூன்று கிழமைக்குள்ளை ரெண்டு பேரும். தமிழில் அறிவியல் கதை எண்டால் எங்களுக்கு முதல் வாய்க்கு வாற பெயர் அவர்தானே. ஒரு கல்லை அவரின்ரை பெயரில் ஆரும் முன்மொழியக் கூடாதோ? பதினாறு எழுத்துக்குள்ளை வசதியாக அடங்கும்.

ஜோபர்க் மேட்டுத்தெரு எழுதியது:

எல்லோரும் அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பேசுகிறீர்கள், நம் நாட்டுச் சரக்கை விட்டுவிட்டீர்களே. ஜோகன்னஸ்பர்க்கில் அப்சர்வேட்டரி என்று ஒரு பேட்டையே இருக்கிறது, நான் அதற்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறேன். பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே மேட்டின் மேல் இருந்த யூனியன் வானாய்வகத்தால். சூரியனுக்கு அடுத்தபடி நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற பிராக்சிமா சென்டாரி நட்சத்திரத்தை 1915-இல் ராபர்ட் இன்ஸ் கண்டுபிடித்தது அங்கேதான். வெவ்வேறு காலத்தில் எடுத்த இரண்டு தகடுகளை ஒரு கருவியில் வைத்து மாற்றி மாற்றிக் கண்ணைச் சிமிட்டுகிற மாதிரி பார்ப்பார்கள், நின்றவை நிற்கும், நகர்ந்தது மட்டும் குதிக்கும். சிறுகோள் வேட்டைக்கும் இதே வித்தைதான்.

1911-இல் அங்கே ஹாரி வுட் என்பவர் ஒரு சிறுகோளைப் பிடித்து டிரான்ஸ்வாலியா என்று பெயர் வைத்தார், எண் 715. அடுத்த வருஷம் பிடித்ததற்கு பிரிட்டோரியா, எண் 790. பிறகு வந்த சிரில் ஜாக்சன்தான் ராஜா. 1929-க்கும் 1948-க்கும் நடுவில் 72 சிறுகோள்கள், நடுவே உலகப் போருக்கு வேறு போய்விட்டு வந்தார். ஐரோப்பாக்காரர்கள் கிரேக்கத் தேவதைகளை எல்லாம் தீர்த்துவிட்டுக் காதலிகள் பெயரை வைத்துக்கொண்டிருந்த காலத்தில், இந்த மனிதர் ஆப்பிரிக்க வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஆறு, மலை, ஊர் என்று வைத்துக்கொண்டே போயிருக்கிறார். லிம்போபோ 1490. மொம்பாசா 1428. உங்கள் நேட்டால் பக்கம் என்றால் துகேலா ஆறு 1323, மஜூபா மலை 1321, சூலு அரசன் ஷாகா 1246. டொங்காட் அண்ணா, துகேலாவைத் தாண்டித்தானே உங்கள் ஆட்கள் வடக்கே போவார்கள்? அது மேலேயும் ஓடுகிறது.

ஒன்று சொல்ல வேண்டும், அந்தக் காலத்தில் அந்த மேட்டின் மேல் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் நம் நிறத்து ஆள் யாரும் கண்டுபிடிப்பாளராக நின்றிருக்க முடியாது. ஷாகா பெயர் வானத்தில் ஏறிவிட்டது, ஷாகாவின் பேரன்கள் கீழே தோட்டம் பெருக்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

அதனால்தான் எனக்கு 23182 பிடிக்கும். சியபுலேலா சூசா, உம்டாட்டாக்காரர், பள்ளிப் பையனாக ராக்கெட் எரிபொருள் செய்து சர்வதேச அறிவியல் கண்காட்சியில் பரிசு வாங்கினார். அமெரிக்காவில் லீனியர் என்ற தேடல் திட்டம் நடத்தியவர்கள் அந்தக் கண்காட்சியில் ஜெயித்த பிள்ளைகள் பெயரைத் தாங்கள் பிடித்த கற்களுக்கு வைத்தார்கள், அப்படி அவருக்குக் கிடைத்தது. ஜாக்சன் 1936-இல் உம்டாட்டா என்றே ஒரு கல்லுக்குப் பெயர் வைத்தார், எண் 1397. இப்போது ஊரும் அங்கே இருக்கிறது, ஊர்ப் பிள்ளையும் அங்கே இருக்கிறார்.

சாட்ஸ்வொர்த் அக்கா எழுதியது:

மேட்டுத்தெரு, இதை விட மாட்டேன், வெல்ஸில் போன மானத்தை இதில் மீட்டுக்கொள்கிறேன். நான் பல வருஷமாகக் குடும்ப வரலாறு தேடுகிறவள், கப்பல் பட்டியல் எல்லாம் பார்த்திருக்கிறேன்.

நம் ஆட்களைக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஏற்றிவந்த முதல் கப்பலான ட்ரூரோ 342 பேரோடு மதராஸிலிருந்து கிளம்பியது 1860 அக்டோபரில். டர்பனில் கரை சேர்ந்தது நவம்பர் 16. நம்மில் பாதிப் பேர் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தக் கப்பல் கிளம்பி ஆறு மாதம்தான், அதே மதராஸில் நார்மன் போக்சன் என்ற வெள்ளைக்காரர் வானாய்வகத்தில் உட்கார்ந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடிக்கிறார், 1861 ஏப்ரல் 17. ஆசியாவிலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள், அதனால் பெயரே ஏசியா, எண் 67. அவரிடம் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி பிறகு ஒரு மாறும் நட்சத்திரத்தையே கண்டுபிடித்தார். துறைமுகத்தில் ஆட்களை எண்ணிக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், கொஞ்ச தூரத்தில் ஒருவர் நட்சத்திரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார். எனக்கு இது மனதிலிருந்து போகவே மாட்டேன் என்கிறது.

தமிழ்ப் பெயர் வேண்டும் என்றால் ராமானுஜன் இருக்கிறார், எண் 4130. 1988-இல் வாணியம்பாடி பக்கம் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தில் ராஜமோகன் கண்டுபிடித்தது. போக்சனுக்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கத்திலிருந்து புதிதாக ஒன்றும் இல்லை, பிறகு இது.

பீனிக்ஸ்காரன் எழுதியது:

நான் ஒரு சின்னக் கேள்வி கேட்கலாமா? இத்தனை லட்சம் கல் அங்கே சுற்றுகிறது என்றால் ராக்கெட் எப்படி இடிக்காமல் போகிறது? சினிமாவில் எல்லாம் வளைத்து வளைத்து ஓட்டுகிறார்களே, நம் எம்4 நெடுஞ்சாலையில் மினிபஸ் டாக்சி ஓட்டுகிற மாதிரி.

கரூ இரவு எழுதியது:

சினிமாவில் காட்டுவது அத்தனையும் பொய் தம்பி. எண் வாங்கியவையே பல லட்சம், அதில் பெயர் வாங்கியவை சுமார் 25,000தான், ஆனால் இடம் அவ்வளவு பெரிது. சராசரியாக ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே பத்து லட்சம் கிலோமீட்டர் என்கிற கணக்கில் இருக்கும். பட்டையில் உள்ள எல்லாவற்றையும் உருட்டி ஒன்றாக்கினால்கூட நம் நிலாவில் நூற்றில் மூன்று நான்கு பங்குதான் தேறும். பயனியர் 10 விண்கலம் 1972-இல் முதல் தடவையாக உள்ளே நுழைந்தபோது எல்லோரும் பயந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. அங்கே கப்பல் உடைந்து நின்றால் பக்கத்தில் இன்னொரு கல்லைப் பார்ப்பதே அபூர்வம்.

இதை எழுதும்போதுதான் எனக்குத் தலையில் ஒன்று இடித்தது. டொங்காட் அண்ணா, உங்கள் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். முனுசாமி, கோவிந்து, சின்னத்தம்பி. மூன்று நாளைக்குக் காற்று, ஒரு வாரத்துக்குச் சோறு, ஒரு வருஷத்துக்குத் தண்ணீர். மறுநாள் அப்பா சொன்ன பதில் என்ன? தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை போடுவார்களா?

டொங்காட் வாசி எழுதியது:

ஆமாம்! சுடுகிற துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்துச் சின்னத்தம்பி வெளியிலிருந்து தொட்டியைத் துளைப்பான். தண்ணீர் சீறிக்கொண்டு ஒரு பக்கம் போகும், கப்பல் துண்டு எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும், அப்படியே பக்கத்தில் இருக்கிற கல்லில் போய் இறங்கிவிடுவார்கள். தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டு, அது தரையில் பாம்பு மாதிரி நெளிகிறதைக் காட்டித்தான் அப்பா விளக்குவார், அம்மா தண்ணீர் பில் வரும் என்று கத்துவார். உங்களுக்கு எப்படித் தெரியும்?

கரூ இரவு எழுதியது:

அண்ணா, அது அப்பா கட்டிய கதை இல்லை. பெயர்கள் மட்டும்தான் அவருடையவை. அசிமோவின் எழுத்தில் முதன்முதலாக அச்சில் வந்த கதை அது. 1939 மார்ச்சில் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் வந்தது, எழுதும்போது அவருக்குப் பதினெட்டு வயது, கூலி 64 டாலர். இருபது வருஷம் கழித்து அந்த மூன்று பேரையும் திரும்ப வரவழைத்து இன்னொரு கதையும் எழுதினார்.

அவர்கள் போய் இறங்குகிற அந்தக் கல்லுக்குப் பெயர் இருக்கிறது. வெஸ்டா. நிஜமான சிறுகோள், எண் 4, 1807-இல் ஓல்பர்ஸ் கண்டுபிடித்தது. குறுக்களவு சுமார் 525 கிலோமீட்டர். 2011-இல் டான் விண்கலம் போய் ஒரு வருஷத்துக்கு மேல் அதைச் சுற்றிப் படமெடுத்தது. அதைவிட முக்கியமானது, சிறுகோள்களிலேயே மிகப் பிரகாசமானது அதுதான். சுமார் பதினாறு பதினேழு மாதத்துக்கு ஒரு தடவை நம் வானத்தில் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வரும், அப்போது பைனாகுலரில் தாராளமாகத் தெரியும், நல்ல இருட்டில் கண் கூர்மையானவர்களுக்கு வெறும் கண்ணிலேயே தெரிந்த காலமும் உண்டு.

அசிமோவ் கல்லை உங்களால் காட்ட முடியாது. முனுசாமி, கோவிந்து, சின்னத்தம்பி இறங்கிய கல்லைக் காட்ட முடியும்.

பீனிக்ஸ்காரன் எழுதியது:

டேய் கரூ. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

டொங்காட் வாசி எழுதியது:

உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னிக்க வேண்டும். அம்மாவிடம் போய்ப் படித்துக் காட்டினேன். "அந்த மனுஷன் அம்பது வருஷமா தன் கதைன்னு சொல்லி என்னையும் ஏமாத்தியிருக்கார்" என்று ஒரே சிரிப்பு, அப்புறம் கொஞ்ச நேரம் அழுகை. பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து தேடினோம், அந்தக் கதை இருந்த புத்தகம் கிடைக்கவில்லை. கிழிந்து போயிருக்கும், இல்லை யாருக்காவது கொடுத்திருப்பார். கணக்குப் பேரேட்டுத் தாளில் மூன்று பெயரும், பக்கத்தில் 3, 7, 365 என்றும் அவர் கையெழுத்தில் எழுதியது மட்டும் கிடைத்தது.

சான்றிதழ் வேண்டாம் என்று மருமகப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் முகம் வாடியது, அவரும் நல்ல எண்ணத்தில்தானே கொண்டுவந்தார். அதனால் அவரிடமே பைனாகுலர் பொறுப்பை விட்டிருக்கிறோம். கிரேவில் குதிரைப் பந்தயம் பார்க்க வாங்கியது, 10க்கு 50 என்று போட்டிருக்கிறது. இது போதுமா? எப்படித் தேடுவது, எல்லாம் ஒரே மாதிரி புள்ளியாகத்தானே தெரியும்?

கரூ இரவு எழுதியது:

தாராளமாகப் போதும். போனில் வான வரைபடச் செயலி ஏதாவது ஒன்றை இறக்கி வெஸ்டா என்று தேடுங்கள், இப்போது எந்த நட்சத்திரக் கூட்டத்தில் இருக்கிறது, எத்தனை மணிக்கு மேலே வரும் என்று காட்டும். அந்த இடத்தில் பைனாகுலரை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொன்ன மாதிரி எல்லாம் புள்ளிதான். கவலைப்படாதீர்கள். தெரிகிற புள்ளிகளை ஒரு தாளில் அப்படியே வரைந்துகொள்ளுங்கள், பேரப்பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். இரண்டு மூன்று இரவு கழித்துத் திரும்ப அதே இடத்தைப் பார்த்து வரையுங்கள். எது இடம் மாறியிருக்கிறதோ அதுதான் வெஸ்டா. ஜோபர்க் மேட்டில் ஜாக்சன் செய்ததும் இதேதான், அவர் தகட்டில் செய்தார்.

டர்பன் துறைமுக வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். வீட்டு வாசல் விளக்கை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். பைனாகுலரைக் கையில் பிடித்தால் ஆடும், மதில் மேல் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்து மருமகன் எழுதியது:

லோட் ஷெடிங் மின்வெட்டைத் திட்டாத ஆளில்லை, ஆனால் எங்கட தெருவில் பால்வீதியை முதன்முதல் கண்டது அப்பதான். வாசல் விளக்கை அணைக்கிறதோடை பக்கத்து வீட்டுக்காரரிட்டையும் ஒரு சொல்லுச் சொல்லி வையுங்கோ.

டொங்காட் வாசி எழுதியது:

கடைசியாக ஒரு செய்தி. திதி நல்லபடியாக முடிந்தது. வாழையிலைச் சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு, பக்கத்து வீட்டு விளக்கும் அணைந்து, பிள்ளைகள் ஆறு பேர் மதில் மேல். முதல் இரவு பேத்தி ஒன்பது புள்ளி வரைந்தாள், பேரன் பதினொன்று வரைந்தான், இரண்டும் பொருந்தவில்லை, பெரிய சண்டை. மறுநாளும் அதற்கு மறுநாளும் கடல் பக்கமிருந்து மேகம், ஒன்றுமே இல்லை. நேற்று வானம் திறந்தது.

பேத்தி தாளில் கீழே இருந்து மூன்றாவது புள்ளி நகர்ந்திருக்கிறது. நான் பார்த்தேன், மருமகப்பிள்ளை பார்த்தார், பேரன் மட்டும் தன் தாளில் அது நகரவே இல்லை என்கிறான். அம்மாவுக்குக் கண் புரை, புள்ளி தெரியவில்லை, ஆனாலும் பைனாகுலரை வாங்கி ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு, அதில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். யாராவது சொல்லுங்கள், நாளைக்கு அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கரூ இரவு எழுதியது:

வெஸ்டா பெரும்பாலும் காய்ந்த பாறைதான் என்று சொல்லுங்கள் அண்ணா. ஆனால் அதற்குப் பெரிய அக்கா ஒருத்தி இருக்கிறாள், சீரிஸ், அங்கே உள்ளே பனிக்கட்டி நிறைய இருக்கிறது. டான் விண்கலம் வெஸ்டாவை முடித்துக்கொண்டு அங்கேதான் போனது. பைனாகுலரில் அதுவும் அகப்படும். பேரனுக்கு இரண்டாவது தாள் எடுத்து வையுங்கள்.